சேமியா மிஷினுக்கு ஒரு சாண் தோல்

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். உனக்கு ரகசியம் காக்க வராது என்று எனக்குத் தெரியும். என் டிபன் பாக்ஸில் பல்லி விழுந்ததை யாரிடமும் சொல்லாதே என்றேன். மதிய மணி அடிப்பதற்குள் வகுப்பே வந்து என் டப்பாவை எட்டிப் பார்த்தது. இப்போது நீ இருக்கும் இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்களோ, எல்லோரையும் உட்கார வைத்து இதை வாசித்துக் காட்டுவாய். வேண்டாம். இதில் என் அப்பாவின் பெல்ட் சம்பந்தப்பட்டிருக்கிறது.

வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கணக்குப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லி உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். கணக்குப் புத்தகத்தின் மேல் ஒரு துண்டுத் தோல் கிடக்கிறது. ஆம்பூரில் பிறந்தவர்களுக்குத் தோல் வாசனை தெரியாது என்பார்கள். எந்நேரமும் காற்றில் இருப்பதால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் இந்தத் துண்டைக் கத்திரித்தபோது, வெட்டிய விளிம்பிலிருந்து புதிதாக ஒரு வாசனை கிளம்பியது. உன் கை வாசனை அப்படித்தான் இருக்கும். பரீட்சை ஹாலில் பின் பெஞ்சிலிருந்து நீ என் தோளைத் தட்டி ரப்பர் கேட்டால், திரும்பாமலே நீதான் என்று தெரியும்.

சேமியா மிஷின் நாளைக்கு ஓடாவிட்டால் உங்க அம்மி அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவார்கள். மிஷினை மட்டுமல்ல, நாம் அதற்குச் செய்த சக்கரம், பலகை எல்லாவற்றையும். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உனக்கு எழுதும்போது நேராக விஷயத்துக்கு வர முடிவதில்லை. உன்னோடு பேசும்போதும் அப்படித்தானே.

முதல் நாள் நினைவிருக்கிறதா? அது இரண்டு வருடத்துக்கு முந்தைய ரம்ஜான். உங்க அம்மி கட்டில் காலில் சேமியா மிஷினை இறுக்கி, ஒரு கையால் மாவை அழுத்தி, மறு கையால் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தெருவில் பாதி வீட்டுக்குப் பெருநாள் சேமியா அவர்கள் கையால்தான் போகும். அந்த வருடம் அவர்களுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. நடுநடுவே கையை உதறிக்கொண்டு, "யா அல்லா, இந்த வருஷம் மாவு கல்லா இருக்குது" என்று மாவைத் திட்டினார்கள். மாவின் மேல் ஒரு தப்பும் இல்லை.

நீதான் மூலையில் கிடந்த கிரைண்டர் மோட்டாரைப் பார்த்தாய். கல் உடைந்த கிரைண்டர். மோட்டாருக்கு உயிர் இருந்தது.

"இதுக்கும் அதுக்கும் ஒரு பெல்ட்டு போட்டா முடிஞ்சுது. தையல் மிஷின்ல போடல?"

நம் ஊரில் தையல் மிஷின் இல்லாத வீடு ஏது? செருப்பின் மேல்பாகத்தை வீட்டில் உட்கார்ந்து தைக்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர். கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம், நடுவில் தோல் வார். பிறந்ததிலிருந்து பார்த்த அந்த ஒரு மிஷினைத்தான் நாம் அப்படியே காப்பி அடித்தோம். உன் பழைய குட்டி சைக்கிளின் ரிம்மை மோட்டாரில் மாட்டினோம். ஆசாரி கடைந்து கொடுத்த சின்ன மரச் சக்கரத்தை, பிடியைக் கழற்றிவிட்டுச் சேமியா மிஷினில் மாட்டினோம். பார்ப்பதற்குத் தையல் மிஷின் போலவே லட்சணமாக இருந்தது.

"நீ சுவிட்ச்சு, நான் பெல்ட்டு" என்றாய். "எண்ணு."

"ஏக், தோ, தீன்" என்று எண்ணி, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

கண்ணைத் திறந்தபோது சேமியா சுவரில் இருந்தது. காலண்டரில் இருந்தது. உங்க அம்மியின் தலையில் முக்காட்டுக்கு மேல் இன்னொரு முக்காடு போல இருந்தது. மிஷின் கட்டிலோடு சேர்ந்து ஒரு அடி நகர்ந்திருந்தது. நீ தரையில் உட்கார்ந்து, மூச்சு விட முடியாமல் சிரித்தாய்.

"இன்னா மோட்டாருடி இது, ராக்கெட்டு!"

உங்க அம்மி தலையிலிருந்து ஒரு இழையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். "மெல்லிசாதான் வந்திருக்குது" என்றார்கள். அவர்களை ஏன் உனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அன்று புரிந்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்று மொட்டை மாடியில் உட்கார்ந்து யோசித்தோம். நீ ரிம்மில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாய், மரச் சக்கரத்தில் ஒரு கோடு. பெல்ட்டை மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றினாய். பெரியது ஒரு முறை வருவதற்குள் சின்னது மூன்று முறை வந்துவிட்டது. திரும்பச் சுற்றினாய். அப்போதும் மூன்று. தையல் மிஷினில் கால் மெதுவாக மிதிக்கும், ஊசி வேகமாக ஓட வேண்டும். அதனால் அங்கே பெரியது சின்னதை ஓட்டுகிறது. நமக்கு வேண்டியதோ தலைகீழ். மோட்டார் தானாகவே தலைதெறிக்க ஓடுகிறது. மிஷின் ஆடி அசைந்து வர வேண்டும்.

"அப்ப மாத்திப் போடு. சின்னது மோட்டாருக்கு, பெருசு மிஷினுக்கு. இவ்ளோதானா கணக்கு? இதுக்கா டீச்சர் பக்கம் பக்கமா எழுத வைக்குது?"

இவ்வளவுதான் இல்லை என்று பிறகு தெரிந்தது. மோட்டாரின் தகட்டில் நிமிடத்துக்கு 1440 சுற்று என்று போட்டிருந்தது. உங்க அம்மி கையால் சுற்றினால் நாற்பது. 1440-ஐ ஒரே பெல்ட்டில் நாற்பது ஆக்க வேண்டுமானால், மோட்டார் சக்கரத்தைப் போல முப்பத்தாறு மடங்கு பெரிய சக்கரம் வேண்டும். "தேர் சக்கரம் கேட்டா குடுப்பாங்களா?" என்று நீ நிஜமாகவே கேட்டாய்.

அந்த யோசனை யாருக்கு முதலில் வந்தது என்று இன்றுவரை நமக்குள் சண்டை. இப்போது நீ பதில் சொல்ல முடியாது என்பதால், எனக்குத்தான் வந்தது என்று எழுதிக்கொள்கிறேன். ஒரே தாவாக வேண்டாம், இரண்டு தாவாகப் போகலாம். மோட்டாரில் ரெண்டு அங்குலச் சக்கரம். அதிலிருந்து ஒரு பெல்ட், இருபத்துநாலு அங்குலப் பெரிய சைக்கிள் ரிம்முக்கு. அங்கே வேகம் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அந்த ரிம் சுற்றும் அதே அச்சில் மரச் சக்கரம். அதிலிருந்து இன்னொரு பெல்ட் மிஷினில் இருக்கும் குட்டி ரிம்முக்கு. அங்கே மூன்றில் ஒரு பங்கு. 1440 முதலில் 120 ஆகி, பிறகு நாற்பது ஆகிவிடும். உங்க அம்மியின் கை வேகம்.

நீ அதை நம்பவில்லை. ஓட்டிப் பார்த்த பிறகுதான் நம்பினாய். மெதுவாக, கல்யாண வீட்டுப் பெரியவர் நடப்பதுபோல, குட்டி ரிம் சுற்றியது. மாவு கெட்டியாக இருந்தும் மிஷின் திணறவில்லை. வேகத்தை விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாகப் பலம் வந்திருந்தது. இழை இழையாகச் சேமியா இறங்க இறங்க, உங்க அம்மி அதைக் கையில் வாங்கிக் கொடியில் போட்டுக்கொண்டே போனார்கள். தோள்பட்டையை ஒரு தடவைகூட உதறவில்லை.

பல மாதம் கழித்து வகுப்பில் எதிர் விகிதம் நடத்தினார்கள். ஒன்று கூடினால் இன்னொன்று குறையும், உதாரணம் சொல்லுங்கள் என்று டீச்சர் கேட்டதும் நீ எழுந்து, "சேமியா, டீச்சர்" என்றாய். வகுப்பு சிரித்து அடங்கும்வரை நீ உட்காரவில்லை. அந்தப் பாடம்தான் இப்போது என் முன்னால் திறந்திருக்கிறது. அதன் மேல்தான் தோல் துண்டு கிடக்கிறது.

பெல்ட்டில் நாம் பட்ட பாடு தனி. முதலில் செருப்பு மேல்பாகத்துக்கு வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டித் தைத்தோம். மெல்லிய தோல், அரை மணியில் பபிள்கம் மாதிரி நீண்டு தொங்கியது. பிறகு தடித்த தோல் கிடைத்தது. அப்போதும் மாவு கொஞ்சம் கெட்டியானால் சக்கரம் நின்றுவிடும், பெல்ட் மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடும், கருகும் வாசனை வரும். நீ சாக்பீஸ் தூள் போட்டாய், இழுத்துக் கட்டினாய், உருதுவில் திட்டினாய். ஒரு நாள் பெல்ட் கழன்று விழுந்தது. அவசரத்தில் உள்ளும் புறமும் மாற்றி மாட்டிவிட்டாய். பளபளப்பான பக்கம் உள்ளே போய்விட்டது. "ஐயோ, மாறிப்போச்சு" என்று நான் சொல்வதற்குள், பெல்ட் சக்கரத்தைக் கவ்விப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது.

இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். சொரசொரப்பான பக்கம்தான் பிடிக்கும் என்று யாராக இருந்தாலும் நினைப்பார்கள். அது மட்டுமல்ல, ஷூவானாலும் பையானாலும் பளபளப்பு வெளியே தெரிய வேண்டும் என்பது நம் ஊரின் ரத்தத்தில் ஊறியது. தோலைக் கையில் எடுத்தால் கை தானாகவே மினுக்கும் பக்கத்தை வெளியே திருப்பிவிடும். வழவழப்பான பக்கம் சக்கரத்தோடு முழுசாக ஒட்டிக்கொள்கிறது. சொரசொரப்பு அங்கங்கே மட்டும்தான் தொடுகிறது.

"அதானே! பெல்ட்டு இன்னா சினிமாவுக்கா போவுது, வெளிய மினுக்க?" என்றாய்.

அந்த வாரத்தில்தான் என் ரிப்பன் போனது. மாவு எடுக்கக் குனிந்தேன், சடை முன்னால் விழுந்தது, ரிப்பன் நுனி பெல்ட்டில் சிக்கியது. நீ செருப்புக் காலால் பெல்ட்டை எட்டி உதைத்துச் சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டாய். எல்லாம் கண் இமைக்கும் நேரம். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதேன். நீ சக்கரத்தில் சுற்றியிருந்த ரிப்பனைப் பிரித்துக்கொண்டே, "ரிப்பன்தான் போச்சு, தலை இருக்குது இல்ல? அழாதடி, டர்போக்கு" என்றாய். டர்போக் என்றால் பயந்தாங்கொள்ளி. அன்றிலிருந்து அதுதான் என் பெயர்.

கிழிந்த ரிப்பனை வீட்டில் பார்த்துவிட்டார்கள். அப்பா அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "இனிமே மோட்டார் பக்கம் போனேன்னு தெரிஞ்சுது, கால ஒடச்சிடுவேன்." நான் போகாமல் இல்லை. ஆனால் சடையை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவிட்ச் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். பெல்ட்டைத் தொட்டது நீ மட்டும்தான். அடுத்த ரம்ஜானிலும் அப்படித்தான். நான் எண்ணுவேன், கண்ணை மூடுவேன், சுவிட்சைப் போடுவேன், மற்றதெல்லாம் நீ.

அதற்குப் பிறகு நீ காய்ச்சல் என்று வேலூருக்குப் போனாய். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மியின் போனில், "ஊசி போட வர்ற அக்கா உன்ன விட டர்போக்குடி, நான் கத்துனா அவங்களே பயப்படுறாங்க" என்றாய். திரும்பி வரவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன். நீயும் அழுமூஞ்சிக் கதை பிடிக்காதவள்.

இந்த ரம்ஜான் வந்தது. உங்க அம்மி மிஷினைத் தொடவே இல்லை. தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "கடையில வாங்கிக்கோங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். போன வாரம் நான் போனபோது எல்லாவற்றையும் ஒரு சாக்கில் மூடி வைத்திருந்தார்கள். பழைய மோட்டார் மழையில் நனைந்து போய்விட்டதாம். சக்கரங்கள் மட்டும் பலகையில் அப்படியே இருந்தன. ரிம்மில் உன் சாக்பீஸ் கோடு அழியவில்லை.

"இத பாத்துனே இருக்க முடியல கண்ணு. இரும்புக்காரர வரச் சொல்லிட்டேன்" என்றார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாம் அம்மி. நான் ஓட்டுறேன்." சொன்னது என் வாய்தான். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இந்த வாரம் வேலூர் லாங் பஜார் பக்கம் போனவர்கள், ஒரு பழைய மோட்டாரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இன்று சாயங்காலம் மாட்டினோம். மாவு பிசைந்து தயாராக இருந்தது. பெல்ட்டை நானே மாட்டினேன், வழவழப்பு உள்ளே. எண்ணினேன், சுவிட்சைப் போட்டேன். கண்ணை மூடவில்லை. பாதி மூடினேன்.

மாவு கீழே இறங்கவில்லை. மேலே வந்தது. போட்ட மாவையெல்லாம் மிஷின் வேண்டாம் வேண்டாம் என்று வாய் வழியாகவே திருப்பிக் கொடுத்தது. இந்த மோட்டார் எதிர்ப் பக்கம் சுற்றுகிறது. உங்க அம்மி மேலேறி வரும் மாவைக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். அது விரல் இடுக்கு வழியாகவும் வந்தது. திடீரென்று சிரித்துவிட்டார்கள். நீ போன பிறகு அவர்கள் சிரித்து நான் இன்றுதான் பார்த்தேன். உன் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேன்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "போதும் கண்ணு. காலைல இரும்புக்காரர் வர்றாரு. அதுக்குள்ள ஓடினா பாப்போம். இல்லன்னா குடுத்துடலாம், இன்னா?" என்றார்கள்.

மோட்டாரைத் திருப்பி வைக்கப் பலகையில் இடமில்லை, பின்னால் சுவர். வீட்டுக்கு நடந்து வரும்போது, பெட்டிக்கடை வாசலில் ஒரு குழந்தை விரலில் ரப்பர் பேண்டை முறுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் திட்டினார்.

சமூக அறிவியல் வகுப்பில் தூக்கம் வந்தால் நீ என்ன செய்வாய்? உன் வளையல் ஒன்று, என் வளையல் ஒன்று, இரண்டையும் தனித்தனிப் பென்சிலில் மாட்டி, ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுச் சுற்றுவாய். இரண்டும் ஒரே பக்கம் சுற்றும். பிறகு ரப்பர் பேண்டை நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி, எட்டு மாதிரி மாட்டுவாய். ஒன்று இப்படிச் சுற்றும், இன்னொன்று அப்படிச் சுற்றும். "பாத்தியா, ரெண்டும் கோச்சிக்கிச்சு" என்பாய். எட்டு போட்டால் திசை மாறும். மோட்டார் எப்படிச் சுற்றினால் என்ன, மிஷின் நமக்கு வேண்டிய பக்கம் சுற்றும். அதை நீ மிஷினுக்காகக் கண்டுபிடிக்கவில்லை. தூக்கம் வராமல் இருக்கக் கண்டுபிடித்தாய்.

எட்டு போட்டால் பெல்ட் கொஞ்சம் நீளமாக வேண்டும். மிஷின் பக்கத்துப் பெல்ட்டைக் கழற்றி எடுத்துவந்து நூல் வைத்து அளந்தேன். ஏறக்குறைய ஒரு சாண் குறைகிறது. கடையெல்லாம் சாத்திவிட்டார்கள். வீட்டில் இருக்கும் துண்டெல்லாம் மெல்லிய தோல். தடித்த தோல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கதவுக்குப் பின்னால், ஆணியில், அப்பாவின் பேண்ட்டோடு.

அப்பா ஒல்லி என்று உனக்குத் தெரியும். பெல்ட்டை மாட்டினால் நுனி இடுப்பைச் சுற்றி முதுகுப் பக்கம் போய்விடும். அந்த நுனியால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெட்டினேன். வெட்டி முடித்த பிறகுதான் பயம் வந்தது. பெல்ட் போனது போகட்டும். எதற்கு வெட்டினாய் என்று கேட்பாரே. மோட்டாருக்கு என்று எப்படிச் சொல்வது?

முனைகளைச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒட்டி, இரட்டைத் தையல் போட்டுவிட்டேன். இழுத்துப் பார்த்தேன், பிடிக்கிறது. புத்தகத்தின் மேல் கிடப்பது மிஞ்சிய துண்டு. அதை உனக்காக வைத்துக்கொள்கிறேன். பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். விரல் தானாகவே அடிக்கடி வழவழப்புப் பக்கத்தைத் தேடிப் பார்த்துக்கொள்கிறது. உன்னிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான் போலிருக்கிறது. தோலைத் தொட்டால் ஊரில் எல்லோருடைய கையும் பளபளப்பை வெளியே திருப்பும். என் கை உள்ளே திருப்புகிறது.

காலையில் பெல்ட்டும் நான், சுவிட்சும் நான். எண்ணுவதற்கு மட்டும் ஆள் இல்லை. உங்க அம்மியை எண்ணச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அவர்கள் எண்ணட்டும், நான் கண்ணைத் திறந்துகொண்டு

கதவைத் தட்டுகிறார்கள். தெருமுனையில் நோன்பு வைப்பவர்களைச் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்புகிறவர்களின் கொட்டுச் சத்தம், அதற்குள் விடியப்போகிறதா? திரும்பவும் தட்டுகிறார்கள். அப்பா. தோல் கம்பெனிக்கு முதல் ஷிப்ட்டுக்குக் கிளம்புகிற நேரம். விளக்கை அணைக்கலாமா? கதவிடுக்கில் வெளிச்சம் போயிருக்கும்.

"பாப்பா. மோட்டாரு எதிர்ப்பக்கம் சுத்துதுன்னு அவ அம்மி நேத்தே சொன்னாங்க. ஒரு சாணு வெட்டி வெச்சிருக்கியே, எட்டு போட அது பத்தாது. மீதியையும் எடுத்துக்கோ. கதவ தொற."